படகில் இருவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வர்ஜீனியாவில் மென்பொருள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் 36 அடி நீளமுள்ள பழைய ட்ராலர் வகைப் படகு ஒன்றை வாங்கினேன். பெயர் ‘காவேரி’. நவம்பரில் நார்ஃபோக்கிலிருந்து கிளம்பி, அட்லாண்டிக் கரையோர நீர்வழியிலேயே தெற்கே வந்து, இப்போது ஃப்ளோரிடாவில் மாரத்தான் ஊரின் பூட் கீ துறையில் குளிர்காலத்தைக் கழிக்கிறேன். மனைவியும் கூட வந்திருக்கிறாள். ஏப்ரலில் வடக்கே திரும்ப வேண்டும்.

வர்ஜீனியாவையும் வட கரோலினாவையும் இணைக்கும் டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாயில் டிகாஷன் நிறத் தண்ணீர், இரு கரையிலும் காடு. இயற்கையே நமக்காகப் போட்டுவைத்த பாதை போல இருந்தது. ஜார்ஜியாவின் சதுப்பில் மனித அரவமே இல்லாத இரவுகள். பிள்ளைகள் இதைப் பணக்கார விளையாட்டு என்கிறார்கள். என் மனதில் இது வானப்பிரஸ்தம். அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டா? நம் பக்கிங்ஹாம் கால்வாயை இப்படி ஆக்க முடியாதா?

(பெயர் தவிர்க்கப்பட்டது)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். மேலே சுருக்கி வெளியிட்டிருக்கிறேன். நார்ஃபோக்கில் மைல் பூஜ்யம் தொடங்கி மையாமி வரை ஏறத்தாழ 1,090 மைல், அதற்கும் கீழே தீவுகள் வரை, ஏழு நாட் (மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர்) வேகத்தில், பகலில் மட்டும் ஓட்டி வந்திருக்கிறீர்கள். இந்த வயதில் இதைச் செய்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். படித்தபோது உண்மையாகவே மகிழ்ந்தேன். பிள்ளைகள் சொல்வதைப் பொருட்படுத்தாதீர்கள், உழைத்துச் சேர்த்த பணம். பக்கிங்ஹாம் கால்வாய் வேறு கதை, அதற்குள் இப்போது போகவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். படகின் பெயரை எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனைவியின் பெயர் என்ன?

நான்கு பக்கத்திலும் தேடினேன், இல்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் பம்பில் இம்பெல்லர் மாற்றிய கதைக்கு ஒரு முழுப் பக்கம். மனைவி மூன்று இடங்களில் வருகிறார். குளிரில் மிளகு ரசம் வைத்துத் தந்தார், துறையில் கயிறு வீசினார், அல்பமார்ல் சவுண்ட் என்ற கடற்கழியைக் கடக்கும்போது பயந்து அழுதார். மற்ற இடமெல்லாம் ‘நான் ஓட்டினேன்’, ‘நான் நங்கூரமிட்டேன்’. இரண்டே பேர் உள்ள படகில் ‘கூட வந்தவர்’ என்று ஒருவர் இருக்க முடியாது. ஒருவர் சுக்கானில் இருக்கும்போது மற்றவர் முனையில் நின்று கட்டையையும் மணல்திட்டையும் பார்த்துச் சொல்கிறார். இது பாதி வேலை. அவர் பாதிப் படகை ஓட்டியிருக்கிறார்.

அல்பமார்ல் சவுண்டில் அவர் அழுததை ‘பாவம், பயந்த சுபாவம்’ என்று எழுதுகிறீர்கள். அது அகன்ற, ஆழமில்லாத நீர்ப்பரப்பு. காற்று எழுந்தால் குட்டையான, செங்குத்தான அலைகள் நெருக்கமாக வந்து அடிக்கும். கையில் சக்கரம் இருந்த உங்களுக்கு அடுத்த அலைக்கு என்ன செய்வது என்று தெரியும். அவருக்குப் பிடித்துக்கொள்ளக் கம்பிதான் இருந்தது. பொறுப்பும் இல்லை, அறிவும் தரப்படவில்லை என்றால் யாருக்கும் அந்தப் பயம் வரும். அதைச் சுபாவத்தின்மேல் போடாதீர்கள்.

சென்ற மாதம் கும்பகோணம் பக்கத்தில் என் மாமாவின் காரியத்துக்குப் போயிருந்தேன். அன்றிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் உங்களுக்கு உடனே எழுதுகிறேன். அத்தை வயலில் பிறந்து வளர்ந்தவர். நாற்றைப் பார்த்தே எத்தனை நாள் பயிர் என்று சொல்வார். எந்த மடையை எப்போது வெட்ட வேண்டும் என்று மாமாவே அவரிடம்தான் கேட்பார். ஆனால் போர் மோட்டாரை மாமா ஒருவர்தான் போடுவார். கொட்டகைச் சாவி அவர் அரைஞாண் கயிற்றிலேயே கிடக்கும். கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்து தஞ்சாவூர் மருத்துவமனையில் படுத்துவிட்டார். வயல் வெடித்துக்கொண்டிருந்தது. அத்தை சாவியோடு ஸ்டார்ட்டர் பெட்டிக்கு முன்னால் நின்றிருக்கிறார். ஷாக் அடிக்குமோ, மோட்டார் எரிந்துவிடுமோ என்று கை போகவில்லை. ஷார்ஜாவிலிருந்து மகன் ஃபோனில் சொல்லியிருக்கிறான்: “பச்சை பட்டன்மா. ஒரு தடவ அழுத்து. நிறுத்தணும்னா செகப்பு.” அழுத்தினார். தண்ணீர் கொட்டியது. “இவ்ளோதானாடா? இதுக்கா இத்தனை வருஷம் அவரு கெணத்தடிக்கு ஓடினாரு?” என்று காரியத்தன்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மாமா நல்ல மனிதர். அத்தையைச் சிரமப்படுத்தக் கூடாது என்றுதான் அவர் நினைத்திருப்பார். அந்த அன்பில்தான் பயிர் காய்ந்தது.

நீங்களும் நல்லவர். அவருக்குக் கஷ்டம் வேண்டாம் என்று நீங்களே எல்லாவற்றையும் செய்கிறீர்கள். சரி, இதைக் கற்பனை செய்யுங்கள். கரோலினா பக்கம், குளிர்காலக் காலை. படகு உரசாமலிருக்கப் பக்கவாட்டில் கட்டியிருக்கும் ஃபெண்டரைச் சரிசெய்யக் குனிகிறீர்கள், கால் வழுக்கித் தண்ணீரில் விழுகிறீர்கள். தானியங்கிச் சுக்கான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு நிமிடத்தில் படகு இருநூறு மீட்டர் போய்விடும். குளிர்நீரில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொள்வதே பாடு. அடுத்த பத்து நிமிடத்துக்குள் விரல்கள் மரத்துவிடும், வீசிய கயிற்றைக்கூடப் பற்ற முடியாது. உங்கள் மனைவிக்கு எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவரத் தெரியுமா? படகைத் திருப்பி, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, உங்களை நசுக்காமல் பக்கத்தில் நிறுத்தத் தெரியுமா? வீஹெச்எஃப் ரேடியோவின் சேனல் 16-ல் மேடே என்ற அபாய அழைப்பை மூன்று முறை சொல்லி, இருக்கும் இடத்தைச் சொல்லத் தெரியுமா? அந்த ரேடியோவில் மூடி போட்ட சிவப்பு பட்டன் எதற்கு என்று அவருக்குச் சொல்லியிருக்கிறீர்களா?

நீங்கள் விழாமலே இருக்கலாம். நெஞ்சுவலி வரலாம், இடுப்பு பிடித்துக்கொள்ளலாம். நம் வயதில் இவை எல்லாருக்கும் வருகின்றன. ஜார்ஜியாவில் கடல்நீர் எட்டடி, ஒன்பதடி ஏறி இறங்கும், நங்கூரமிட்ட படகை ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். நீங்கள் ரசித்த அந்த மனித அரவமற்ற இரவு என்றால், உதவிக்கு யாரும் இல்லை என்றுதான் பொருள்.

அமெரிக்கா வந்திருந்தபோது வட கரோலினாவின் போஃபர்ட்டில் ஒரு நண்பரின் படகில் சில நாட்கள் இருந்தேன். சாயங்காலமானால் படகுகள் துறைக்கு வரும். பெரும்பாலும் கணவர் சக்கரத்தில் நின்று கத்துவார், மனைவி முனையில் கயிற்றோடு தாவத் தயாராக நிற்பார், நீரோட்டம் படகை இழுக்கும், இருவர் முகமும் சிவந்துவிடும். காதில் மாட்டிப் பேசும் ஹெட்செட்டுகளுக்கு அங்கே ‘கல்யாணத்தைக் காப்பாற்றும் கருவி’ என்றே பெயர். ஒரு நாள் எழுபது வயதுத் தம்பதி வந்தார்கள். அந்த அம்மா சக்கரத்தில். கணவர் கயிற்றோடு. ஒரு சத்தம் இல்லை. எஞ்சினைக் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே தட்டி, ஓட்டத்தை எதிர்த்துப் படகை மெல்லப் பலகையோடு ஒட்டவைத்தார். கயிறு இழுக்கத்தான் உடல்பலம் வேண்டும், எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலுக்கு நிதானம் போதும் என்று அந்தப் பெரியவர் சொன்னார். பலசாலியான நீங்கள் ஏன் சொகுசாகச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அவரைத் தாவ விடுகிறீர்கள்?

‘இயற்கையே போட்டுவைத்த பாதை’ என்ற வரியையும் சொல்லாமல் விட முடியவில்லை. டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய் 22 மைல் நீளம், கோடு போட்டதுபோல நேராக ஓடுகிறது. இயற்கை அப்படிப் பாதை போடாது. 1793-ல் தொடங்கி 1805-ல் திறந்தார்கள். வெட்டியவர்கள், முதலாளிகளிடமிருந்து வாடகைக்கு எடுக்கப்பட்ட கறுப்பின அடிமைகள். இடுப்பளவுக்கு மேல் சேற்றிலும் நீரிலும் நின்று வேர்களை வெட்டியதை மோசஸ் கிராண்டி பதிவுசெய்திருக்கிறார். அதே கால்வாயில் அடிமையாகவே படகுத் தலைவனாக இருந்தவர் அவர். தன் விடுதலைக்கு மூன்று முறை விலை கொடுத்தார், முதல் இரண்டு முறையும் பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றினார்கள். 1843-ல் லண்டனில் அவர் வாழ்க்கைக் கதை அச்சானது. ஏப்ரலில் திரும்பும்போது அந்த வழியே போனால் அவரை நினையுங்கள். வேலை செய்தவரைக் காணாமல் பாதையை மட்டும் பார்ப்பது உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது.

வானப்பிரஸ்தமா என்று கேட்டிருந்தீர்கள். பெயர் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும்.

ஏப்ரலுக்கு இன்னும் காலம் இருக்கிறது. பூட் கீயில் காற்று அடங்கிய காலைகளில் அவரைச் சக்கரத்தில் நிறுத்துங்கள். பக்கத்தில் நின்று திருத்திக்கொண்டே இருக்காதீர்கள், முனைக்குப் போய்விடுங்கள். தெற்கே வரும்போது நீர்வழியின் வழிகாட்டிக் குறிகளில் மஞ்சள் முக்கோணம் வலப்பக்கம், மஞ்சள் சதுரம் இடப்பக்கம். வடக்கே போகையில் அது மாறும், இருவரும் சேர்ந்தே புதிதாகப் படிக்கலாம். பாலத்தைத் திறக்கச் சொல்லி ஃப்ளோரிடாவில் சேனல் 9-ல் அவரே கூப்பிடட்டும். ஒரு மிதவையைத் தண்ணீரில் எறிந்து, அதை அவர் தனியாக மீட்டெடுக்கும்வரை பழகுங்கள். பிறகு நீங்கள் மீட்டெடுங்கள், ஏனென்றால் விழுவது அவராகவும் இருக்கலாம். பின்பக்க ஏணியை இன்றே பாருங்கள். தண்ணீரில் இருப்பவர் கீழேயிருந்து கையால் இழுத்தால் அது இறங்க வேண்டும். பல படகுகளில் மேலே நின்றுதான் அதன் கொக்கியைக் கழற்ற முடியும். உங்களுடையதும் அப்படியென்றால் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.