அழுங்கு வந்தால் என்ன செய்வது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எறும்புத்தின்னி பற்றித்தான். அழுங்கு, அலங்கு என்றெல்லாம் சொல்கிறோமே, அதே பிராணிதான்.

ராத்திரி வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனபோது வரப்பில் அழுங்கு ஒன்று சுருண்டு கிடந்தது. சாக்கில் கட்டி ஃபாரஸ்ட்காரர்களிடம் கொடுத்துவிடலாம் என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். செய்யலாமா? (களக்காடு)

வேண்டாம். எண்ணம் நல்லதுதான், ஆனால் அது பயந்துபோய்ச் சுருண்டிருக்கிறது. நாயைக் கட்டிப்போடுங்கள், டார்ச்சை அணைத்துவிட்டுத் தள்ளிப் போங்கள். ஆள் அரவம் அடங்கினால் முதலில் மூக்கு வெளியே வரும், அப்புறம் தானே நடையைக் கட்டிவிடும். அடிபட்டிருந்தாலோ கிணற்றில் விழுந்திருந்தாலோ வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். போட்டோ எடுத்து ஊர்ப் பெயரோடு வாட்ஸப்பில் போட்டுவிடாதீர்கள். பிடிக்க அலைகிறவர்களுக்கு அதுவே அடையாளம்.

ஓடு லட்சக்கணக்கில் விலை போகும், மருந்துக்கு ஆகும் என்கிறார்களே? தாத்தா காலத்துச் செதில் இரண்டு எங்கள் வீட்டில் கிடக்கிறது. (வள்ளியூர்)

செதில் என்பது கெரட்டின். நம் நகமும் முடியும் அதே சரக்குதான். நகத்தைப் பொடித்துத் தின்றால் எந்த நோய் தீரும்? சீனாவே 2020-இல் தன் அதிகாரபூர்வ மருந்துப் பட்டியலிலிருந்து இந்தச் செதிலை எடுத்துவிட்டது. உலகில் உள்ள எட்டு இனங்களையும் நாடு விட்டு நாடு விற்பதற்கு 2016-இல் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த, வன உயிர் வணிகம் பற்றிய உலக நாடுகளின் மாநாட்டில் தடை போட்டார்கள். அப்படியும் கள்ளச் சந்தை ஓயவில்லை.

இந்த 'லட்சம்' என்கிற பேச்சுதான் எனக்கு ஆற்றமாட்டாத கோபத்தைத் தருகிறது. காட்டோரத்தில் பிடிக்கிறவர் கைக்கு வருவது சொற்பம், கை மாற மாறத்தான் விலை ஏறும். சாக்கோடு பைக்கில் போகும்போது மாட்டிக்கொண்டு, கோர்ட்டுக்கு அலைவது அந்த ஏழைதான். 1972-ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில் அழுங்கும் இருக்கிறது. வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

உங்கள் வீட்டுச் செதிலை யாருக்கும் விற்காதீர்கள், சும்மாவும் கொடுக்காதீர்கள். தெரிந்த வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

பயிரைத் தின்னுமா? கடிக்குமா? (நாங்குநேரி)

அதற்குப் பல்லே கிடையாது. தின்பது எறும்பும் கறையானும்தான்.

பன்றிக்குக் கரண்ட் கம்பி போடுகிறார்கள். அழுங்குக்கு ஆபத்தா? (கடையம்)

பெரிய ஆபத்து. மற்ற பிராணிகள் ஷாக் அடித்தால் துள்ளி விலகப் பார்க்கும். அழுங்கு பிறவிக் குணப்படி சுருளும், சுருளும்போது கம்பியையும் சேர்த்து வளைத்துக்கொள்ளும். ஓடாமல் சுருண்டு கிடப்பதுதான் வேட்டைக்காரனுக்கும் வசதி; அப்படியே தூக்கிப் பையில் போட்டுக்கொள்கிறான். பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி. தாய் அதை வால்மேல் ஏற்றிச் சுமக்கும், ஆபத்து என்றால் தன் வயிற்றோடு அணைத்துச் சுருளும். அப்படிச் சுருண்ட தாயைத் தூக்கினால் குட்டியும் சேர்ந்து போகிறது. கம்பியில் திருட்டுக் கரண்ட் விடுவது மனுஷனையும் கொல்லும். தெரிந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

முண்டந்துறைக்குப் போனால் பார்க்கலாமா? (அம்பாசமுத்திரம், ஏழாம் வகுப்பு மாணவி)

கஷ்டம்தான் கண்ணு. பகலெல்லாம் வளைக்குள் தூங்கும், ராத்திரிதான் வெளியே வரும். ஆனால் அது வந்துபோன தடத்தைப் பார்க்கலாம். காலையில் அப்பா அம்மாவோடு நடக்கும்போது வழியோரப் புற்றுகளைக் கவனி. ஒரு பக்கம் மட்டும் பிளந்து, உள்ளே ஈரச் செம்மண்ணில் நகக்கீறல் ஆழமாக விழுந்திருக்கும். ரொம்பப் புதுசு என்றால், உடைந்த விளிம்பில் கறையான்கள் இன்னும் மண் வைத்து அடைத்துக்கொண்டிருக்கும்.