மோசே அடிச்ச பாறையும் வந்த தண்ணியும்

கடிதம்:

அண்ணா, குடியாத்தத்துல இருந்து எழுதுறேன். போன ஞாயித்துக்கிழமை சர்ச்ல பைபிள்ல எண்ணாகமம் 20ஆம் அதிகாரம் பிரசங்கம். எகிப்துல இருந்து மோசே கூட்டிட்டு வந்த ஜனங்க வனாந்தரத்துல தண்ணி இல்லாம தவிக்கிறாங்க. தண்ணி வர்றதுக்கு பாறையைப் பாத்து பேசுன்னு கர்த்தர் சொன்னா மோசே ரெண்டு தரம் அடிச்சிட்டாரு, அதுக்காக கர்த்தர் குடுக்கறேன்னு சொன்ன கானான் தேசத்துக்குள்ள அவரு போகக்கூடாதுன்னு ஆயிடுச்சு. 40 வருச உழைப்புக்கு இதான் கூலியா? எங்கப்பா 25 வருசம் சபைக்கு உழைச்சவரு, ஒரு நாள் கோவத்துல பேசிட்டாருன்னு கமிட்டியில இருந்து ஒதுக்கிட்டாங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்து அவரு சாப்பிடவே இல்ல. இதுல இரக்கம் எங்கண்ணா இருக்கு?

பதில்:

தம்பி, அப்பா அப்புறமாவது சாப்பிட்டாரா?

இதுக்கு வழக்கமா ஒரு பதில் சொல்லுவாங்க, அந்தப் பாறை கிறிஸ்து, பவுலே 1 கொரிந்தியர் 10ல சொல்லிட்டாரு, அதனால அவரை ரெண்டாவது தரம் அடிக்கக் கூடாதுன்னு. எனக்கு அது பத்தல. முன்னாடி ஒரு தரம் இதே மாதிரி தண்ணி இல்லாதப்ப, யாத்திராகமம் 17ல, பாறையை அடின்னு சொன்னதும் கர்த்தர்தானே.

அந்த அதிகாரத்தை முதல் வசனத்துல இருந்து படிங்க. மோசேயோட அக்கா மிரியாம் சாகுறாங்க, காதேசுல அடக்கம் பண்றாங்க, அடுத்த வசனமே தண்ணி இல்லன்னு சண்டை. அக்காவைப் பொதைச்ச ஈரம் காயறதுக்குள்ள ஜனங்க வந்து நிக்கிறாங்க. வேதம் இதைக் காரணமா சொல்லல, ஆனா என்னால இதைத் தாண்டிப் போக முடியல.

இப்ப 8ஆம் வசனம் பாருங்க. கர்த்தர் அங்க ஜனங்களைத் திட்டவே இல்ல, கோலை எடு, பாறையோட பேசு, அவங்களுக்கும் மிருகங்களுக்கும் தண்ணி குடுன்னு மட்டும்தான் சொல்றாரு. “கலகக்காரரே”ன்னு கத்துனது மோசே. கோவமே படாத கடவுளை கோவக்காரரா ஜனங்க முன்னாடி காட்டிட்டாரு, என்னைப் பரிசுத்தம் பண்ணலன்னு 12ஆம் வசனத்துல கர்த்தர் சொல்றதை நான் இப்படித்தான் புரிஞ்சிக்கிறேன்.

கோடையில எங்க ஆயா பாலாத்து மணல்ல முட்டி ஆழத்துக்கு ஊத்து தோண்டும், முதல்ல கலங்கலா வரும், அதைக் கொட்டாங்குச்சியால மொண்டு எறைச்சிட்டு தெளியிற வரைக்கும் அங்கயே குந்திகினு இருக்கும், ஒரு குடம் ரொம்பறதுக்குள்ள பின்னாடி நிக்கிறவங்க பேசற பேச்சு காது கூசும். தாகம்னா அப்படித்தான் பேச வைக்கும். அது கர்த்தருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அதனாலதான் மோசே சொன்ன பேச்சு கேக்காம அடிச்சப்பகூட தண்ணி நிக்கல, ஏராளமா வந்துச்சு, ஜனமும் குடிச்சுது மாடும் குடிச்சுது. நீங்க கேட்ட இரக்கம் முதல்ல அங்க இருக்கு.

மோசேக்கு? உபாகமம் 3ல, நான் போய் அந்த தேசத்தைப் பாக்கணும்னு கெஞ்சறாரு, போதும், இனி இதைப் பத்தி எங்கிட்ட பேசாதேன்னு பதில் வருது. இத்தனை வருசமா படிக்கிறேன், அந்த இடம் வலிக்காம ஒரு தரம்கூட படிச்சதில்ல, அதை நியாயப்படுத்தி உங்களுக்கு எழுதவும் எனக்கு மனசு வரல.

ஆனா கமிட்டி ஒதுக்கினதும் கர்த்தர் ஒதுக்கினதும் ஒண்ணுதான்னு அப்பா நெனச்சிட்டு இருந்தா, இன்னிக்கு ராத்திரி பக்கத்துல உக்காந்து உபாகமம் 34 வாசிச்சுக் காட்டுங்க. 120 வயசுல மோசே நேபோ மலையில ஏறறாரு, கர்த்தர் தேசம் முழுக்க அவருக்குக் காட்டுறாரு, அவரு அங்கயே சாகுறாரு. 6ஆம் வசனத்தை மட்டும் ரெண்டு தரம் வாசிங்க. அவரை அடக்கம் பண்ண ஒரு ஜனமும் வரல தம்பி, கர்த்தரே அடக்கம் பண்ணாரு.