பத்து நிமிடம் இருண்ட கண்

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது, மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம். போன வாரம் மல்லிகை எடை போடும்போது இடது கண்ணில் திரை இறங்கினாற்போல் இருண்டு, பத்து நிமிடத்தில் தெளிந்துவிட்டது. வலி இல்லை. கண் நரம்புக்கு ரத்தம் போகாமல் நின்றிருக்கும் என்கிறார்கள். நரம்பு கெடாமல் காக்க சொட்டு மருந்து உண்டா? - வாசகி, மேலூர்

பதில்: இல்லை அம்மா. நீங்கள் நரம்பு என்பது விழித்திரையை. அதன் உள்பக்கத்துக்கு ஒரே ஒரு தமனிதான் வாய்க்கால். வெளிப்பக்கத்துக்குப் பின்னாலிருந்து வேறு பாசனம். வாய்க்கால் அடைத்தால் உள்பக்கச் செல்கள் தவிக்கும். தவிக்கும் செல் குளூட்டமேட் என்ற ரசாயனத்தைக் கசியவிடும், அது பக்கத்துச் செல்லுக்குள் கால்சியத்தை வெள்ளமாகப் புகுத்திக் கொல்லும். ரத்தம் திரும்பும்போதும் ஆபத்து உண்டு, காய்ந்த வாய்க்காலில் திடீரென மடை திறந்தாற்போல. இதைத் தடுக்க எலிகளில் பலன் தந்த மருந்துகள் நிறைய. மனிதர்களில் நிரூபணமானது ஒன்றும் இல்லை.

அதனால் நம் கையில் இருப்பது நேரம் மட்டுமே. சோஹன் சிங் ஹேரே என்ற மருத்துவர் வயதான குரங்குகளில் பார்த்தார்: 97 நிமிடம் வரை ரத்தம் நின்றும் விழித்திரை தப்பியது, 240 நிமிடத்தில் ஏறக்குறைய முழுதும் போய்விட்டது.

திருமங்கலம் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். காலையில் பார்வை போனது, 'வலிக்கலையே' என்று விளக்கெண்ணெய் விட்டுப் படுத்துவிட்டார். மறுநாள் கண்ணுக்குள் பார்த்தேன். விழித்திரை வெளிறி, நடுவில் மட்டும் வெள்ளை வேட்டியில் குங்குமம் பட்டாற்போல் ஒரு சிவப்பு. அங்கே விழித்திரை மெல்லியது, பின்பாசனத்தின் ரத்தம் தெரிகிறது. எனக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை.

உங்கள் அப்பாவுக்குத் தமனி தானே திறந்துகொண்டது, அதிர்ஷ்டம். ஆனால் கழுத்துத் தமனியிலோ இதயத்திலோ இருந்து ஒரு துணுக்கு வந்து அடைத்திருக்கலாம். அடுத்தது மூளைக்குப் போனால் பக்கவாதம். ஒரு வாரம் ஆயிற்றே என்று விடாதீர்கள், இன்றே பக்கவாத சிகிச்சை உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். கழுத்து ஸ்கேன், ஈசிஜி, எக்கோ, சுகர், பிரஷர், கொழுப்பு எல்லாம் பார்ப்பார்கள். தலைவலியோ, மெல்லும்போது தாடை வலியோ இருந்தால் அதையும் சொல்லுங்கள், அது தமனிச் சுவரின் அழற்சியாக இருக்கலாம். நீங்களாக ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். பொன்னாங்கண்ணிக் கீரை தாராளமாகச் சாப்பிடட்டும், அடைப்பை அது எடுக்காது.

அப்புறம், சீட்டு போடுமிடத்தில் 'கண் மங்கல்' என்று சொல்லிவிடாதீர்கள், கண்ணாடி டெஸ்ட் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். 'ஒரு கண்ணில் பார்வையே போய் பத்து நிமிடத்தில் வந்தது' என்று சொல்லுங்கள்.