கேக்காமலே வர்ற பாஸ்வேர்ட் ரீசெட் மெயில், என்ன பண்றது?

கேள்வி: அண்ணா, எனக்கு காவேரிப்பட்டணம் பக்கம். சீசன்ல மாம்பழம் பெட்டி போட்டு பெங்களூருக்கு அனுப்புறேன், ஆர்டர் பூரா இன்ஸ்டாகிராம் பேஜ்லதான் வருது. பத்து நாளா ராத்திரி ஆனா போதும், இன்ஸ்டாவுல இருந்தும் பேஸ்புக்ல இருந்தும் பாஸ்வேர்ட் மாத்தணுமான்னு மெயில் வந்துட்டே இருக்கு, நான் எதையும் அமுக்கவே இல்ல. அக்கவுன்ட் போயிடுச்சா? பேசாம மெயில் ஐடியையே மாத்திடலாமா?

பதில்: தம்பி, மெயில் ஐடிய மட்டும் மாத்திடாதீங்க. பழைய ஐடியில பேங்க், கேஸ், ஆதார்னு எதெதை கோத்து வெச்சிருக்கோம்னு நமக்கே ஞாபகம் இருக்காது, மாத்திட்டு அப்புறம் ஒண்ணொண்ணா தேடி அலையணும். இந்த மெயில் வர்றதால மட்டும் அக்கவுன்ட் போயிடுச்சுன்னு ஆகாது. எவனாவது பாஸ்வேர்ட மாத்தி உள்ள பூந்திருந்தா "பாஸ்வேர்ட் மாத்தியாச்சு"ன்னு மெயில் வந்திருக்கும். உங்களுக்கு வர்றது "மாத்தணுமா"ன்னு கேக்குற மெயில். அந்த ரெண்டும் வேற வேற.

இத அனுப்ப வெக்கறதுக்கு பெரிய திறமை ஒண்ணும் வேண்டாம். உங்க பேஜ் பேரு ஊருக்கே தெரியும், அத போட்டு "பாஸ்வேர்ட் மறந்துட்டேன்"னு எவன் அமுக்கினாலும் மெயில் உங்களுக்குத்தான் வரும், அவனுக்கு போகாது. சில சமயம் வம்புக்குன்னுகூட இருக்காது. உங்க பேரை ஒத்த இன்னொருத்தர் தன்னோட ஜிமெயில் இதுதான்னு நெனச்சு ஒரு புள்ளிய சேத்து அடிச்சிட்டே இருப்பார், ஜிமெயிலுக்கு நடுவுல புள்ளி வெச்சாலும் வெக்காட்டியும் ஒரே அட்ரஸ்தான், அதனால அது நேரா உங்க பெட்டியில வந்து விழும். பத்து நாளா ராத்திரி ராத்திரி வருதுன்னா மட்டும் யாரோ வேணும்னே நோண்டுறான்னு வெச்சுக்கோங்க.

அந்த மெயில்ல இருக்கிற லிங்க்க தொடாதீங்க, "இது நான் இல்ல"ன்னு இருக்கிற பட்டனைக்கூட. ஏன்னா மெயிலே டூப்பா இருக்கலாம், அந்த நீல பட்டன், லோகோ எல்லாம் அச்சு அசலா போட்டு அனுப்புறானுங்க. நிஜமா பொய்யான்னு பாக்க இன்ஸ்டா ஆப்லயே வழி இருக்கு, செட்டிங்ஸ் போயி பாஸ்வேர்ட் அண்ட் செக்யூரிட்டிக்குள்ள பாத்தா சமீபத்துல அவங்க உங்களுக்கு அனுப்பின மெயில் எல்லாம் வரிசையா இருக்கும். அதுல இல்லாத மெயில் அவங்க அனுப்பினது இல்ல. பாஸ்வேர்ட் மாத்தணும்னு தோணினாலும் ஆப்ப தொறந்து மாத்துங்க, மெயில் வழியா போகாதீங்க.

இப்ப முக்கியமான சங்கதிக்கு வர்றேன். எல்லாரும் இன்ஸ்டாவுக்கு பூட்டு மேல பூட்டு போடுறாங்க, சாவி வந்து விழுற ஜிமெயில தொறந்து போட்டுடறாங்க. ரீசெட் லிங்க் எங்க வருது? ஜிமெயிலுக்கு. அது ஒருத்தன் கையில இருந்தா மத்த எந்த பாஸ்வேர்டும் அவனுக்கு தேவையில்ல.

போன வருஷம் கிருஷ்ணகிரியில என் கடைக்கு ஒரு அக்கா வந்தாங்க, புடவை வியாபாரம், உங்களுக்கு வர்ற இதே தொல்லை. கூகுள் அக்கவுன்ட்ல செக்யூரிட்டி, அதுல "உங்க டிவைஸ்"னு ஒரு இடம் இருக்கு, தொறந்தா அஞ்சு டிவைஸ். ஒண்ணு கையில இருக்கிற போன், ஒண்ணு பையனோடது, ஒண்ணு எக்ஸ்சேஞ்ச்ல போட்ட பழைய போன், மீதி ரெண்டும் கம்ப்யூட்டர். எங்க லாகின் பண்ணீங்கன்னு கேட்டா ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, "சாதி சான்றிதழ் எடுக்க பிரவுசிங் சென்டர் போனேன், மெயில அவங்களே தொறந்து குடுத்தாங்க"ன்னாங்க. லாக் அவுட் யாரும் பண்ணல. அங்க உக்காந்த யாரும் அவங்க மெயில படிச்சிருக்கலாம். அஞ்சுல மூணை அங்கயே வெளிய தள்ளினோம். அதுக்கும் மேல, ரெகவரி நம்பரா, அதாவது பாஸ்வேர்ட் மறந்தா கோடு வர்ற நம்பரா, இருந்தது அவங்க விட்டுட்ட பழைய சிம். ரீசார்ஜ் பண்ணாம விட்டு கட் ஆன நம்பரை, கட் ஆகி 90 நாளுக்கு அப்புறம் வேற ஆளுக்கு குடுத்துடலாம், அப்படி குடுத்துட்டா கூகுள் அனுப்புற கோடு அந்த ஆளுக்குத்தான் போகும்.

நீங்களும் இன்னைக்கே இந்த டிவைஸ் லிஸ்ட்டையும் ரெகவரி நம்பரையும் பாருங்க. ஜிமெயில கம்ப்யூட்டர்ல தொறந்து செட்டிங்ஸ்ல பார்வர்டிங், பில்டர் ரெண்டையும் ஒரு தடவை பாத்துடுங்க, தெரியாத அட்ரஸுக்கு மெயில் போயிட்டு இருந்தா பாஸ்வேர்ட் மாத்தினாலும் அது நிக்காது. அப்புறம் ஜிமெயில், இன்ஸ்டா, பேஸ்புக் மூணுக்கும் வேற வேற பாஸ்வேர்ட், மூணுலயும் டூ ஸ்டெப் வெரிபிகேஷன், அதாவது பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு கோடும் கேக்குற பூட்டு. முடிஞ்சா எஸ்எம்எஸ் வேண்டாம், போன்லயே கோடு காட்டுற ஆத்தென்டிகேட்டர் ஆப் போடுங்க. போன் கையில இல்லாதப்ப உள்ள போக கூகுள் பத்து பேக்கப் கோடு குடுக்கும், அத போன்லயே போட்டோ எடுத்து வெக்கறதுல பிரயோஜனமே இல்ல, போன் போனா அதுவும் போச்சு. பேப்பர்ல எழுதி பத்திரம் வெக்கற பீரோவுல வைங்க.

ரெண்டு விஷயத்துல மட்டும் உஷாரா இருங்க. போன் ஸ்க்ரீன்ல "லாகின் பண்றது நீங்கதானா"ன்னு கூகுள் கேட்டா, தூக்கக் கலக்கத்துல "ஆமா"ன்னு அமுக்கிடாதீங்க, ராத்திரியா பாத்து அனுப்புறதே அதுக்காகவும் இருக்கலாம். இன்னொண்ணு, "என் நம்பருக்கு வர வேண்டிய கோடு உங்களுக்கு வந்துடுச்சு, கொஞ்சம் சொல்லுங்க"ன்னு சொந்தக்காரங்க வாட்ஸ்அப்ல இருந்தே மெசேஜ் வந்தாலும் சொல்லக்கூடாது. அவங்க அக்கவுன்ட் ஏற்கனவே போயிருக்கும்.

திடீர்னு ஒரு நாள் சம்பந்தமே இல்லாத கம்பெனி மெயிலா நூத்துக்கணக்குல கொட்டினா கத வேற. பேங்க்ல இருந்து வர்ற ஒரே ஒரு மெயில நீங்க பாக்காம இருக்கத்தான் அந்த குப்பைய கொட்டுவானுங்க. மெயில அழிச்சிட்டு உக்காராம பேங்க் பேலன்ஸ பாருங்க, பணம் போயிருந்தா அந்த நிமிஷமே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் போடுங்க.

தொல்லை தாங்கலன்னு இந்த ரீசெட் மெயில ஸ்பாம்ல தள்ளிடாதீங்க. சீசன் நடுவுல நீங்களே நெசமா பாஸ்வேர்ட் மறந்துட்டு லிங்க் கேப்பீங்க, அதுவும் ஸ்பாமுக்குள்ள போயி உக்காந்துக்கும்.