காணி பார்க்க மார்கழியில் வாருங்கள்

அன்புள்ள அண்ணா,

கனடாவுக்கு வந்து முப்பது வருடமாகிறது. ஓய்வெடுத்த பிறகு ஊரோடு வந்து இருக்கலாம் என்று கிளிநொச்சிப் பக்கம் ஒரு ஏக்கர் காணி பேசி வைத்திருக்கிறேன். போன ஆடியில் வந்து பார்த்தேன், நல்ல மேட்டுக்காணியாகத்தான் தெரிந்தது. ஆனால் பிள்ளைகள் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, “புயல், சுனாமி, வெள்ளம் எல்லாம் வந்த இடம், வேண்டாம் அப்பா” என்கிறார்கள். மலையகம் மாதிரி மண்சரிவு இல்லை, கடலும் தூரம், பிறகென்ன பயம் என்பது என் எண்ணம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரருக்கு,

பிள்ளைகள் தேடி எடுத்ததில் பொய்யில்லை. 1964 டிசெம்பர் 22இல் தனுஷ்கோடியை விழுங்கப் போன புயல், கிளிநொச்சியும் அடங்கிய நம் வன்னியை மிதித்துக்கொண்டுதான் போனது. 2004 டிசெம்பர் 26 ஞாயிறு காலை முல்லைத்தீவில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2008 நவம்பரில் நிஷா புயலின் மழை கொட்டியபோது சனம் ஏற்கெனவே இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழே இருந்தது. 2020 டிசெம்பர் 2 இரவு புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையேறி வன்னிக்குள்ளால் மன்னார்ப் பக்கம் போனது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். சரி, இவ்வளவையும் அடுக்கிய பிறகும் உங்கள் காணியைப் பற்றி ஒன்றும் தெரியவரவில்லை, பார்த்தீர்களா?

நான் கேட்பது ஒரே கேள்விதான். உங்கள் காணிக்கு மேலே எந்தக் குளம் இருக்கிறது, அது நிரம்பி வான் பாய்ந்தால் தண்ணீர் எந்தப் பக்கத்தால் போகும்?

கிளிநொச்சியின் பெரிய குளமான இரணைமடுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தண்ணீர் கொண்டுவருவது கனகராயன் ஆறு. அது வவுனியாப் பக்கமிருந்து வடக்கே ஓடிவருகிறது. ஆகவே கிளிநொச்சிச் சந்தையில் நீங்கள் குடை இல்லாமல் நிற்கலாம், அங்கே வவுனியா வடக்கில் இரவிரவாகப் பெய்திருந்தால் குளத்துக்கு வரவேண்டியது வந்துகொண்டுதான் இருக்கும். கொள்ளளவு 36 அடி. அதை எட்டப்போகிறது என்றால் வான்கதவுகளைத் திறந்தே ஆகவேண்டும், இல்லையென்றால் கட்டுக்கு ஆபத்து. திறந்த தண்ணீர் பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளை என்று தாழ்ந்த வயல்வெளிகளால் இறங்கிச் சுண்டிக்குளம் கடல்நீரேரிக்குப் போகும். அந்த வழி இன்று நேற்று வந்ததில்லை, அணை கட்ட முன்னரும் ஆறு அதனால்தான் ஓடியது. 1936இல் குடியேற்றத் திட்டம் தொடங்கி யாழ்ப்பாணத்திலிருந்து சனம் வந்து இறங்கியது இந்தக் குளத்துத் தண்ணீரை நம்பித்தான். கோடையில் அந்தத் தண்ணீருக்குச் சண்டை, மாரியில் அதே தண்ணீருக்குப் பயம்.

2018 டிசெம்பரில் அதுதான் நடந்தது. கட்டை உயர்த்திப் புனரமைத்த வருடம். 21ஆம் திகதி இரவு மழை விடாமல் பிடித்துக்கொண்டது, கதவுகள் திறபட்டன. திறந்த நேரம் சரியா பிழையா என்று இன்றைக்கும் தேத்தண்ணீர்க் கடையில் வாதாடுவார்கள், நான் அதற்குள் போகவில்லை. கண்டாவளைப் பக்கம் என் மச்சான் வீட்டில் விடியப்புறம் நாய் குரைத்துத்தான் எழும்பியிருக்கிறார்கள். கட்டிலிலிருந்து காலை வைத்தால் தண்ணீர். கோழிகள் குசினிக் கூரையில், வீட்டுக் கூரையின் வளைமரத்தில் ஒரு பாம்பு, அதற்குக் கீழே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மச்சாள். பாம்பும் அசையவில்லை, இவர்களும் அசையவில்லை. ஒரு கிழமை கழித்து நான் போனபோது விதைநெல் மூட்டை சாக்கைத் துளைத்துக்கொண்டு பச்சையாக முளைத்து நின்றது. புளித்த மணம். சுவரில் முருகன் கலண்டருக்குக் கீழே சேற்றுக் கோடு. பிறகு இரண்டு தரம் வெள்ளை அடித்தும் அந்தக் கோடு இன்னும் மங்கலாகத் தெரிகிறது.

அந்தக் கோடு மாதிரி முன்பு ஊர்ப் பெயர்களே இருந்தன. மடு என்றால் பள்ளம், மோட்டை என்றால் தண்ணீர் தங்குகிற சின்னக் குளம், முறிப்பு என்றால் ஒரு காலத்தில் குளக்கட்டு முறிந்த இடம் என்று பழைய ஆட்கள் சொல்லுவார்கள். போர் அந்த ஆட்களைத்தான் இடம் மாற்றிவிட்டது. இப்போது இங்கே இருப்பவர்களில் பலர் புதிதாக வந்தவர்கள். பழைய வெள்ள வாய்க்காலைத் தூர்த்து, மதில் கட்டி, வளவாக்கி விற்கிறார்கள். காணி உறுதிப் பத்திரத்தில் வாய்க்கால் இராது.

கடல் தூரம் என்றீர்கள். தூரம்தான், ஆனால் வெள்ளம் கடைசியில் அங்கேதான் போகவேண்டும். நீரேரியின் முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தால் தண்ணீர் வடியாமல் பின்னுக்கு நிற்கும். முல்லைத்தீவு வட்டுவாகலில் முகத்துவாரத்தை வெட்டிவிடு என்று வயல்காரர் கேட்பார்கள், வெட்டினால் இறால் போய்விடும் என்று மீன்பிடித் தொழிலாளிகள் மறிப்பார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. எனக்குக் கேட்டால், பொருத்தமான நாளைப் பார்த்து எல்லாரும் கூடி வெட்டுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

பிள்ளைகளின் பட்டியலில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2022 டிசெம்பரில் மண்டோஸ் புயல் வங்கக்கடலில் நின்றபோது இங்கே பெரிய வெள்ளம் இல்லை, குளிர். மழையும் ஊதல் காற்றும் சேர்ந்து வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆடுமாடுகள் செத்தன. மேய்ச்சல் தரையில் மாடுகள் கால்களை மடித்துப் படுத்தபடியே விறைத்துக் கிடந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் அசைபோடுவது போல இருந்தது. வன்னியில் மாடு குளிரில் சாகும் என்று என் அப்பு உயிரோடு இருந்தால் நம்பியிருக்க மாட்டார். மாடு வளர்க்கிற யோசனை இருந்தால் கொட்டிலுக்கு வடகிழக்குப் பக்கம் அடைப்பு வையுங்கள்.

வறட்சியும் உண்டு. 2017ஐக் கேட்டால் எந்தக் கமக்காரரும் சொல்லுவார். கிணறு எந்த மாதம் வற்றும் என்று பக்கத்து வளவில் விசாரித்தால் போதும்.

ஆகவே, வாங்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முற்பணம் கொடுக்க முன் ஒருக்கால் மார்கழியில் வாருங்கள். சோளகக் காற்று வீசுகிற, காய்ந்த ஆடியில் வன்னியில் எல்லாக் காணியும் மேடுதான். தரகரை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டு வயதான அம்மாவிடம் 2018இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். கையால் காட்டுவார். அந்தக் கைக்கு மேலே இரண்டடி விட்டு அத்திவாரத்தை உயர்த்துங்கள்.

தங்க இடம் இல்லையென்றால் மச்சான் வீட்டில் தங்கலாம். விதைநெல்லை இப்போது பரணில்தான் வைக்கிறார். ஏணியையும் வீட்டுக்குள்ளேயே சாத்தி வைத்திருக்கிறார்.