கம்ப்யூட்டர் கேள்வி பதில்: லேப்டாப்ல இருக்கிற விண்டோஸையே விர்ச்சுவல்பாக்ஸ்ல ஓட்டலாமா?

கேள்வி: சார், என் லேப்டாப்ல விண்டோஸ் 10, உபுண்டு ரெண்டும் டூயல் பூட்டா இருக்கு. நாள் முழுக்க உபுண்டுலதான் வேலை. ஆனா கணக்கு எழுதுற சாஃப்ட்வேரும் அதோட லைசென்ஸும் விண்டோஸ்ல இருக்கு, ஒரு பில் போடணும்னா கூட எல்லாத்தையும் மூடிட்டு ரீஸ்டார்ட் பண்ண வேண்டியிருக்கு. அதனால அந்த விண்டோஸ் பார்ட்டிஷனையே (டிஸ்க்ல தனியாப் பிரிச்ச பகுதி) விர்ச்சுவல்பாக்ஸுக்கு, அதாவது ஒரு சிஸ்டத்துக்குள்ள இன்னொரு சிஸ்டத்தை ஓட்டுற சாஃப்ட்வேருக்கு, டிஸ்க்கா குடுத்துப் பார்த்தேன். முதல்ல 'நோ பூட்டபிள் மீடியம்'னு சொல்லி நின்னுடுச்சு. ஃப்ரெண்டு சொன்னான்னு செட்டிங்ஸ்ல ஈஎஃப்ஐ டிக் போட்டேன், இப்ப 'ஷெல்'னு ஒரு கருப்பு ஸ்கிரீன் வந்து சும்மா நிக்குது. நேரடியா பூட் பண்ணா அதே விண்டோஸ் நல்லாத்தான் ஓடுது. ஃபார்மட் பண்ணிட்டு புதுசா போட்டாத்தான் சரியாகுமா?
- ஈரோடு வாசகர்

பதில்: ஃபார்மட் எல்லாம் வேண்டவே வேண்டாம், உங்க விண்டோஸ்ல எந்தக் கோளாறும் இல்லை. நீங்க விஎம்முக்கு (விர்ச்சுவல் மெஷின், விர்ச்சுவல்பாக்ஸ் உள்ள உருவாக்குற கற்பனைக் கம்ப்யூட்டர்) குடுத்தது சி டிரைவ் மட்டும், ஆனா விண்டோஸ் அங்க இருந்து ஸ்டார்ட் ஆகுறதில்லை. யூஇஎஃப்ஐ, சுருக்கமா ஈஎஃப்ஐங்கிற (மெஷினை ஸ்டார்ட் பண்ற புது முறை, பழசு பேரு பயாஸ்) முறையில போட்ட விண்டோஸ்னா டிஸ்க்ல தனியா ஒரு குட்டி ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் இருக்கும், ஃபேட்32 ஃபார்மட், நாமளே போட்டா 100 எம்பி, கம்பெனியே போட்டுக் குடுத்த லேப்டாப்ல பல சமயம் 260 எம்பி. மெஷின் முதல்ல அதைத்தான் தேடும், அதுல இருக்கிற பூட் மேனேஜர் பிசிடிங்கிற ஃபைலைப் படிச்சு சி டிரைவ் எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கும், அப்புறம்தான் சி டிரைவ்ல இருக்கிற வின்லோடுங்கிற புரோகிராம், கெர்னலையும் (சிஸ்டத்தோட மையப் பகுதி) டிஸ்க் டிரைவரையும் தூக்கும். இதுல எந்த எடத்துல நிக்குதோ அதுக்கு ஏத்த மாதிரி மெசேஜ் வரும், அதனால மெசேஜை நல்லாப் படிச்சாலே பாதி வேலை முடிஞ்சுடும்.

உங்களுக்கு முதல்ல வந்தது பழைய பயாஸ் முறையில தேடினதால வந்தது. விர்ச்சுவல்பாக்ஸ்ல ஈஎஃப்ஐ டிக் போடலேன்னா அது பயாஸா நடந்துக்கும், ஜிபிடி (பார்ட்டிஷன் பட்டியலை எழுதுற புது முறை) டிஸ்க்ல யூஇஎஃப்ஐக்குன்னு போட்ட விண்டோஸை அதால எழுப்ப முடியாது. ஃப்ரெண்டு சொன்னது சரிதான், டிக் போட்டாகணும். அடுத்து ஷெல் வந்ததுக்குக் காரணம், ஈஎஃப்ஐ இருக்கு ஆனா ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் அதுக்குத் தெரியலை. அந்த ஷெல் வர்றப்ப மேல ஒரு லிஸ்ட் காட்டும் பாருங்க, அதுல 'எஃப்எஸ்0'ன்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க. இருந்தா அதால படிக்க முடியுற ஏதோ ஒரு பார்ட்டிஷன் கிடைச்சிருக்குன்னு அர்த்தம், வெறும் 'பிஎல்கே'ன்னு ஆரம்பிக்கிற வரிங்க மட்டும்தான்னா படிக்க ஒண்ணுமே கிடைக்கலை. சி டிரைவோட ஃபார்மட்டான என்டிஎஃப்எஸ் அதுக்குப் படிக்கத் தெரியாது, அதனால சி டிரைவை மட்டும் குடுத்தா எஃப்எஸ்0 வராது. நீங்க ரா டிஸ்க் ஃபைல் (நிஜ டிஸ்க்கை விஎம்முக்குக் காட்டுற ஃபைல்) உருவாக்குறப்ப பார்ட்டிஷன் நம்பர் ஒண்ணை மட்டும் குடுத்திருப்பீங்க. நம்பர் குடுக்காத பார்ட்டிஷன் எல்லாம் டேபிள்ல பேரா மட்டும் தெரியும், உள்ள போய்ப் பார்த்தா வெறும் சைபர்தான்.

அப்ப ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் நம்பரையும் சேர்த்துக் குடுத்துடலாமேன்னு தோணும். நெட்ல நிறைய பேர் அதைத்தான் சொல்றாங்க, பூட்டும் ஆகும். ஆனா எனக்கு அது பிடிக்காது, ஏன்னு சொல்றேன். அந்த ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் உங்க உபுண்டுக்கும் சொந்தம், ஓடிட்டிருக்கிற உபுண்டு அதை ஏற்கனவே மவுன்ட் பண்ணி (திறந்து இணைச்சு) வச்சிருக்கும், அதையே விஎம்முக்குள்ள இருக்கிற விண்டோஸும் எழுதுற மாதிரி திறந்தா ஒருத்தர் எழுதுறது இன்னொருத்தருக்குத் தெரியாம ஃபைல் சிஸ்டம் கெட்டுப்போகும். இதை விட மோசம், டூயல் பூட் டிஸ்க்ல விஎம் பூட் ஆகுறப்ப உபுண்டுவோட க்ரப் மெனுவே (எந்த சிஸ்டம் வேணும்னு கேக்குற பட்டியல்) வந்து நிக்கலாம். பழக்க தோஷத்துல என்டர் தட்டினீங்கன்னா, முழு டிஸ்க்கையும் குடுத்திருந்தா, வெளிய ஓடிட்டிருக்கிற அதே உபுண்டு விஎம்முக்குள்ளயும் ஸ்டார்ட் ஆகும், ஒரே பார்ட்டிஷன்ல ரெண்டு கெர்னல் ஒரே நேரத்துல எழுதும், அதோட அந்த பார்ட்டிஷன் போச்சு. விர்ச்சுவல்பாக்ஸ் மேனுவல்லயே ஓடுற ஹோஸ்ட் (வெளிய இருக்கிற சிஸ்டம்) பார்ட்டிஷனை கெஸ்ட்டா (விஎம்முக்குள்ள) பூட் பண்ணவே பண்ணாதீங்கன்னு எச்சரிக்கை போட்டிருக்காங்க. தயவுசெஞ்சு முழு டிஸ்க்கைத் தூக்கி விஎம்முக்குக் குடுக்காதீங்க.

நான் சொல்ற வழி இது. விஎம்முக்குன்னு தனியா ஒரு சின்ன விர்ச்சுவல் டிஸ்க் உருவாக்குங்க, 500 எம்பி போதும், சாதாரண விடிஐ ஃபைல். சி டிரைவ் பார்ட்டிஷனை மட்டும் ரா டிஸ்க்கா குடுங்க, ரெண்டையும் விஎம்மோட சாட்டா கன்ட்ரோலர்ல (டிஸ்க் மாட்டுற இணைப்பு) மாட்டுங்க, சின்ன டிஸ்க் முதல் போர்ட்ல இருக்கட்டும். விண்டோஸ் இன்ஸ்டால் ஐஎஸ்ஓவை சிடியா போட்டு பூட் பண்ணுங்க, மொழி கேக்குற ஸ்கிரீன்லயே ஷிஃப்ட் எஃப்10 அழுத்தினா கமாண்ட் விண்டோ வரும். இன்ஸ்டால் பட்டன் பக்கம் போயிடாதீங்க. டிஸ்க்பார்ட்ங்கிற கமாண்டுக்குள்ள போய் அந்த சின்ன டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, டிஸ்க் சைஸைப் பார்த்து அதுதானான்னு நிச்சயம் பண்ணிக்கிட்டு, ஜிபிடியா மாத்தி, 100 எம்பிக்கு ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் போட்டு, ஃபேட்32ல ஃபார்மட் பண்ணி எஸ்-னு எழுத்து குடுங்க. வால்யூம் லிஸ்ட் போட்டு விண்டோஸ் எந்த எழுத்துல வந்திருக்குன்னு பாருங்க, இந்த இடத்துல அது சி-யா இல்லாம டி, ஈ-ன்னு கூட இருக்கும். அப்புறம் பிசிடிபூட் கமாண்டுக்கு விண்டோஸ் ஃபோல்டரைக் காட்டி, எஸ் டிரைவ்ல யூஇஎஃப்ஐ வகையா எழுதுன்னு சொன்னா தேவையான பூட் ஃபைல் எல்லாம் அங்க வந்து உக்காந்துக்கும். இப்ப விஎம்முக்கு அதோட சொந்த பூட், நிஜ லேப்டாப்புக்கு அதோட சொந்த பூட், க்ரப் மெனு கண்ணுலயே படாது.

ஆனா இதுக்கெல்லாம் முன்னாடி செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்தணும். விண்டோஸ் 8ல இருந்து நீங்க ஷட் டவுன் குடுத்தாலும் அது முழுசா ஷட் டவுன் ஆகாது, கெர்னலை அப்படியே ஹைபர்னேட் ஃபைல்ல எழுதி வச்சுட்டுத் தூங்கும். அதை எழுப்புறப்ப சுத்தி இருக்கிற ஹார்டுவேர் எல்லாம் மாறி விர்ச்சுவலா இருந்தா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை. விண்டோஸை நேரடியா பூட் பண்ணி, அட்மினா கமாண்ட் விண்டோ திறந்து, பவர்சிஎஃப்ஜி கமாண்ட்ல ஹைபர்னேட்டை ஆஃப் பண்ணிடுங்க, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் கூடவே போயிடும், டிஸ்க்ல சில ஜிபியும் மிச்சமாகும்.

இதையெல்லாம் தாண்டி விண்டோஸ் லோகோ வந்து நீல ஸ்கிரீன்ல 'இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்'னு வந்தா பயப்படாதீங்க, ரொம்ப தூரம் வந்துட்டீங்கன்னு அர்த்தம். உங்க லேப்டாப்ல டிஸ்க்குக்கு என்விஎம்ஈயோ இன்டெல் ரெய்டு கன்ட்ரோலரோ இருந்திருக்கும், விண்டோஸ் அந்த டிரைவரை மட்டும் பூட்ல ஏத்தப் பழகிடுச்சு, விஎம்ல இருக்கிறதோ சாட்டா ஏஎச்சிஐங்கிற வேற வகை. ஐஎஸ்ஓல இருந்து திரும்ப கமாண்ட் விண்டோவுக்கு வந்து, பிசிடிஎடிட் கமாண்ட்ல எஸ் டிரைவ் பிசிடி ஃபைலோட முழுப் பாதையைக் குடுத்து சேஃப் மோட் மினிமல்னு செட் பண்ணுங்க. ஒரு தடவை சேஃப் மோட்ல ஏறிட்டா பெரும்பாலும் ஏஎச்சிஐ டிரைவரை அதுவே எடுத்து வச்சுக்கும், அப்புறம் அந்த செட்டிங்கை நீக்கிட்டு சாதாரணமா பூட் பண்ணலாம். பிசிடி தனியா இருக்கிறதால நிஜ லேப்டாப் சேஃப் மோட்ல போய் மாட்டிக்காது, தனி டிஸ்க் வைக்கச் சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

பர்மிஷன் பத்தியும் சொல்லிடறேன். ஆக்ஸஸ் டினைட்னு எரர் வந்தா விர்ச்சுவல்பாக்ஸை ரூட்டா (முழு அதிகாரத்தோட) ஓட்டாதீங்க, உங்க யூசரை டிஸ்க் குரூப்ல சேர்க்கவும் வேண்டாம், சேர்த்தா உபுண்டு பார்ட்டிஷனும் சேர்த்து மொத்த டிஸ்க்கும் எழுதுற அதிகாரத்தோட திறந்து கிடக்கும். ரா டிஸ்க் ஃபைல் உருவாக்குறப்ப 'ரிலேட்டிவ்'னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதைக் குடுத்தா முழு டிஸ்க்குக்கு பதிலா அந்த ஒரு பார்ட்டிஷன் டிவைஸை மட்டும் திறக்கும், யூடெவ் (உபுண்டுல டிவைஸ் பர்மிஷனைப் பாத்துக்கிறது) ரூல்ல அந்த ஒண்ணுக்கு மட்டும் பர்மிஷன் குடுங்க. விஎம் ஓடுறப்ப உபுண்டு ஃபைல் மேனேஜர்ல அந்த விண்டோஸ் டிரைவை கிளிக் பண்ணி மவுன்ட் பண்ணிடாதீங்க. கணக்கு டேட்டாவை முதல்ல வெளிய ஒரு ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுத்துட்டு ஆரம்பிங்க, இதை மட்டும் தள்ளிப்போடாதீங்க.

கேள்வி: அண்ணா, விஎம்ல விண்டோஸ் 11 பூட் ஆச்சு, ஆனா பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேக்குது. நான் பிட்லாக்கர் போட்டதே இல்லையே?
- திருநெல்வேலி வாசகி

பதில்: நீங்க போடலேன்னாலும் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்ணின நிறைய லேப்டாப்ல டிவைஸ் என்க்ரிப்ஷன் (பிட்லாக்கர் போடுற அதே டிஸ்க் பூட்டு) தானாவே ஆன் ஆகியிருக்கும்மா. சாவி லேப்டாப்போட டிபிஎம்ங்கிற பாதுகாப்பு சிப்ல இருக்கு, விஎம்முக்குள்ள அந்த சிப் இல்லாததால 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேக்குது. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் பேஜ்ல உங்க டிவைஸ் பேர்ல அந்த கீ இருக்கும், அதை டைப் பண்ணினா திறக்கும். ஒவ்வொரு தடவையும் கேக்கக் கூடாதுன்னா நேரடியா பூட் பண்ணி செட்டிங்ஸ்ல என்க்ரிப்ஷனையே ஆஃப் பண்ணணும், ஆனா வெளிய தூக்கிட்டுப் போற லேப்டாப்புக்கு அது நல்லதில்லை, தொலைஞ்சா எவன் கையிலயும் உங்க ஃபைல் எல்லாம் போயிடும். நானா இருந்தா கீயைப் பேப்பர்ல எழுதி வீட்ல வச்சுட்டு, ஒவ்வொரு தடவையும் அடிச்சுக்கிட்டே இருப்பேன்.

கேள்வி: சார், ரா பார்ட்டிஷன்ல ஓடுற விஎம்முக்கு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையோட பதிவு) எடுத்து வச்சா பேக்கப் மாதிரி இருக்கும்ல?
- காரைக்கால் வாசகர்

பதில்: எடுக்காதீங்க. ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு விஎம்ல நடக்கிற மாற்றம் எல்லாம் பார்ட்டிஷனுக்குப் போகாம தனி ஃபைல்ல சேரும், நடுவுல ஒரு நாள் நீங்க விண்டோஸை நேரடியா பூட் பண்ணிட்டீங்கன்னா பார்ட்டிஷன் ஒரு பக்கம் மாறியிருக்கும், அந்த ஃபைல் இன்னொரு பக்கம் பேசும், மறுபடி விஎம்மைத் திறந்தா ரெண்டும் ஒட்டாம ஃபைல் சிஸ்டமே குழம்பிடும். விஎம்மை சேவ் ஸ்டேட் பண்ணி (ஓடுற நிலையை அப்படியே நிறுத்தி வச்சு) மூடிட்டு நேரடியா பூட் பண்றதும் இதே ஆபத்துதான், ஒவ்வொரு தடவையும் உள்ள ஷட் டவுன் குடுத்தே மூடுங்க. பார்ட்டிஷன் சைஸை மாத்தினாலும் ரா டிஸ்க் ஃபைலைப் புதுசா உருவாக்கணும், ஏன்னா பழைய பார்ட்டிஷன் டேபிளோட காப்பி 'பிடி'ன்னு முடியுற கூட்டாளி ஃபைல்ல அப்படியே இருக்கும், விஎம் அதைத்தான் நம்பும்.

கேள்வி: எனக்கு நேர் எதிர். விண்டோஸ்ல இருந்துக்கிட்டு ஃபெடோரா பார்ட்டிஷனை விஎம்ல திறக்கிறேன், க்ரப் வருது, அப்புறம் டிராகட் டைம்அவுட்னு ஓடி எமர்ஜென்சி ஷெல்ல விட்டுடுது.
- சேலம் வாசகர்

பதில்: க்ரப் வரைக்கும் வந்துட்டதால ஈஎஃப்ஐ பக்கம் எல்லாம் சரி. ஃபெடோராவோட டிராகட்ங்கிற கருவி இனிட்ராம்எஃப்எஸ் (பூட்ல முதல்ல ஏறுற சின்ன இமேஜ்) உருவாக்குறப்ப உங்க நிஜ மெஷினுக்கு என்ன டிரைவர் வேணுமோ அதை மட்டும்தான் உள்ள வைக்கும், விஎம்மோட டிஸ்க் கன்ட்ரோலருக்கான டிரைவர் அதுல இல்லாம போயிருக்கலாம், அதனால ரூட் பார்ட்டிஷனைத் தேடித் தேடி விட்டுடுது. க்ரப் மெனுவுல ரெஸ்க்யூன்னு ஒரு வரி இருக்கும், அதுல எல்லா டிரைவரும் இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்து உள்ள போங்க, போனதும் டிராகட்டை 'நோ ஹோஸ்ட்ஒன்லி' ஆப்ஷனோட ஓட்டி எல்லா இமேஜையும் திரும்ப உருவாக்குங்க, அதுக்கப்புறம் அதே இமேஜ் நிஜ மெஷின்லயும் விஎம்லயும் பூட் ஆகும்.