இரு, அரு, ஒரு தங்கை

வணக்கம். ஜப்பானிய மொழியின் தொடக்க நிலைத் தேர்வான என்5க்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். அங்கேயும் 'இரு' என்றொரு வினை, நம் 'இரு'வின் பொருளிலேயே! ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ சொன்ன தமிழ்-ஜப்பானிய உறவுக்கு இது சான்றுதானே? ஆனால் மரம் இருக்கிறது என்று எழுதினால் ஆசிரியர் அதை அடித்துவிட்டு 'அரு' போடுகிறார். தங்கை இருக்கிறாள் என்றால் மறுபடி 'இரு'. தலை சுற்றுகிறது.
ர.

அன்புள்ள ர.,

ஓனோவின் கருத்தைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. இந்தச் சொல்லும் அவருக்கு உதவாது. பழைய ஜப்பானியத்தில் இது 'விரு', பொருள், உட்காருதல். முன்னால் இருந்த வகரம் பின்னாளில் தேய்ந்துபோனது. இன்றைய ஒலி ஒற்றுமை தற்செயல்தான்.

உங்களைக் குழப்புவது திணை. நாம் நாயையும் நாற்காலியையும் அஃறிணையில் சேர்த்து, இரண்டுக்கும் 'இருக்கிறது' என்கிறோம். ஜப்பானியர்கள் நாயை மனிதர் பக்கம் சேர்த்துவிட்டார்கள். தானாக அசையும் உயிர் என்றால் இரு, மற்றதற்கு அரு. மரத்துக்கு உயிர் உண்டு, ஆனால் நகராதே, அதனால் அரு. தொட்டியில் நீந்தும் மீனுக்கு இரு. அதே மீன் கடைப் பலகைக்கு வந்துவிட்டால் அரு. ஓட்டுநருடன் சவாரிக்குக் காத்து நிற்கும் டாக்சிக்கு 'இரு' சொல்வதும் உண்டு! இந்தப் பிரிவினை எப்போதும் இப்படி இருந்ததில்லை. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஹெய்யான் காலக் கதைகளில் 'ஒருவன் இருந்தான்' என்பதற்கும் அருதான்.

உடைமை நமக்குச் சுலபம். 'வதாஷி நிவா இமோதோ கா இரு': எனக்கு, தங்கை, இருக்கிறாள். வரிசைகூட மாறவில்லை. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள்தான் 'have' என்பதற்கு உடனே 'மொத்தே இரு'வைத் தேடுவார்கள். அது கையில் வைத்திருப்பது, சொந்தமாக வைத்திருப்பது. காருக்குச் சரி (கார் அங்கே 'குருமா', சிரிக்காதீர்கள்), பணத்துக்கும் சரி. தங்கைக்குப் போட்டால் காதில் ஒட்டாது.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. தமிழ்க்காரர்கள் உண்மையில் வழுக்குவது இங்கேதான். கியோத்தோவில் கோயில் இருக்கிறது, கியோத்தோவில் திருவிழா இருக்கிறது: நமக்கு இரண்டிலும் ஒரே 'இல்'. அங்கே வினை இரண்டுக்கும் அருதான், ஆனால் உருபு மாறும். கோயில் ஓரிடத்தில் நிற்கும் பொருள், 'கியோத்தோ நி'. திருவிழா நடக்கும் நிகழ்ச்சி, 'கியோத்தோ தே'. பரீட்சை, கூட்டம், கச்சேரி எல்லாம் 'தே' பக்கம்தான். 'இருக்கிறது' இருக்கும் இடத்தில் 'நடக்கிறது' என்று மாற்றிப் பாருங்கள். பொருந்தினால் 'தே' போடலாம்.